எதையும் திறக்காத சாவி

அத்தியாயம் நான்கு

போலீஸுக்குப் போன் போட இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. அதற்குள் துப்பறியும் அலர்மேல்மங்கை திருடனைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் முனிகிருஷ்ணன்தான் திருடன். இப்படி முடிவை முதலில் எழுதிவைத்துவிட்டு விசாரணையை அப்புறம் நடத்தும் ஆட்களை மங்கை நிறையப் பார்த்தாயிற்று. அதனால் அலட்டிக்கொள்ளாமல் காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு வந்திருந்தாள்.

கூடவே டேரில். நாற்பத்து மூன்று வயது, கல்யாண வீடியோ எடுத்துச் சலித்துப்போய் அவளிடம் உதவியாளராகச் சேர்ந்தவன். இருநூறு கல்யாணங்களில் யார் பொய்யாகச் சிரிக்கிறார்கள் என்று லென்ஸ் வழியாகப் பார்த்த அனுபவம் இந்தத் தொழிலுக்குப் போதும் என்பது அவனுடைய கட்சி.

ஓடு வேய்ந்த பழைய பங்களா. வாசலில் சின்னதாக ஒரு பலகை: பிரிவினை ஆய்வு நூலகம். நாற்பத்தேழில் நாடு இரண்டானபோது எல்லை தாண்டியவர்கள் எதை எடுத்துக்கொண்டு வந்தார்கள், எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்பதைச் சேர்த்துவைக்கும் இடம். கடிதங்கள், அகதி முகாம் சீட்டுகள், பேட்டி எடுத்த ஒலிநாடாக்கள். லாகூர் எங்கே, பெங்களூர் எங்கே என்று கேட்பவர்களுக்கு இயக்குநர் ராஜலக்ஷ்மி ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார். வந்தவர்களில் நாலு பேர் நம் கன்டோன்மென்ட்டிலும் கடை போட்டார்கள், அவர்கள் பெட்டியை வேறு யார் வாங்கிவைப்பது என்பார்.

நடுக்கூடத்துச் சுவரில், கண்ணாடிக் கதவுக்குள், ஒரு தேக்குப் பலகை. அதில் இருநூற்றுப் பன்னிரண்டு சாவிகள். வீட்டைப் பூட்டிவிட்டு, கலவரம் அடங்கியதும் வந்துவிடலாம் என்று சாவியை மடியில் கட்டிக்கொண்டு கிளம்பியவர்களின் சாவிகள். ஒருவரும் திரும்பிப் போகவில்லை.

டேரில் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துச் சாவிகளை எண்ண ஆரம்பித்தான். இருபதில் விட்டுவிட்டான்.

"இவ்ளோ சாவி, ஒரு வீடு இல்ல. நம்ம ஊர்ல வாடகைக்கு வீடு தேடுறவன் நெலமைதான் மேடம்," என்றான்.

பலகைக்குப் பக்கத்தில் ராஜலக்ஷ்மி தன் கையாலேயே எழுதிச் சட்டம் போட்டு மாட்டிய விதிகள். சேகரிப்புப் பொருள் எதுவும் கட்டிடத்தைவிட்டு வெளியே போகக் கூடாது. எதன்மேலும் எண்ணெய், பாலிஷ், பூ, பொட்டு படக் கூடாது. மீறுகிறவர் யாராக இருந்தாலும் அன்றோடு வேலை போய்விடும். இவ்வளவு கண்டிஷன் தன் மாமியார் வீட்டில்கூட இல்லை என்று டேரில் முணுமுணுத்தான்.

விஷயம் எண்பத்தெட்டாம் எண் சாவியைப் பற்றியது. இப்போது பாகிஸ்தானில் இருக்கும் லயல்பூரில் ஒரு வீட்டு மாடியறைச் சாவி. கொடுத்தவர் பிரேசர் டவுனில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருந்த பிரகாஷ் சேத்தி. ஆறு வயதில் அந்த ஊரைவிட்டு வந்தவர், இப்போது எண்பத்து நாலு. போன மாதம் ஓர் அதிசயம் நடந்தது. அந்த வீட்டில் இப்போது குடியிருப்பவர்கள் மாடிக் கதவை மாற்றும்போது, கதவில் பதித்திருந்த பழைய பூட்டைத் தூக்கி எறியாமல் துபாயில் இருக்கும் உறவுக்காரர் வழியாக இங்கே அனுப்பிவிட்டார்கள். பூட்டியது பூட்டியபடி, தாழ் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, அது வந்து சேர்ந்தது. இன்று நாலு மணிக்கு விழா. சேத்தி தன் கையால் சாவியைப் போட்டுத் திறக்கப்போகிறார்.

நேற்றுச் சாயங்காலம் ஒத்திகை பார்த்தார்கள். சாவி பாதிவரை போய் மாட்டிக்கொண்டது. திரும்பவே இல்லை. பலகையில் தொங்கியது லயல்பூர் சாவியே அல்ல, வேறு ஏதோ பழைய இரும்புச் சாவி. அழைப்பிதழில் போட்ட படத்தோடு ஒப்பிடலாம் என்றால், போட்டோகிராபர் கலைநயம் காட்டியதில் சாவி முக்கால்வாசி இருட்டில் கிடந்தது.

கண்ணாடிக் கதவைத் திறக்கும் உரிமை இரண்டே பேருக்கு. ஒருவர் ராஜலக்ஷ்மி. இன்னொருவர் உதவியாளர் முனிகிருஷ்ணன்.

அறக்கட்டளைத் தலைவர் ரங்காவுக்கு அதற்குமேல் யோசிக்கத் தேவைப்படவில்லை. மைசூர் அரசு உத்தியோகத்தில் மூன்று தலைமுறை இருந்த குடும்பம். ஆணை பிறப்பிப்பது அவருக்கு ரத்தத்திலேயே ஊறியிருந்தது. காலையில், நாற்காலி போட வந்த பந்தல்காரர்கள், படிக்க வந்த இரண்டு ஆராய்ச்சி மாணவிகள், கூட்டுகிற அம்மாள் என்று எல்லோரும் நிற்கும்போதே முனிகிருஷ்ணனைத் திருடன் என்று சொல்லிவிட்டார். வாசல் பெஞ்சில் உட்காரவும் வைத்துவிட்டார்.

மங்கையிடம் அதையே இன்னொருமுறை விளக்கினார். கையிலிருந்த கார் சாவிக்கொத்தை மேசைமேல் போட்டார். 'ணங்'கென்று கனமாக விழுந்தது.

"இருபத்தாறு வருஷம் சர்வீஸ்ங்கறது கேரக்டர் சர்ட்டிபிகேட் இல்ல மேடம். இங்க சேர்றதுக்கு முந்தி அடுகோடியில சாவி செய்யறவன்கிட்ட இருந்திருக்கான். கனெக்ட் பண்ணிக்கோங்க."

வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்த மாதிரிப் பொருளுக்கு ஆலாய்ப் பறக்கிறார்கள் என்றும், நாலு மணிக்கு மேல் ஒரு நிமிடமும் பொறுக்க முடியாது என்றும் சேர்த்துச் சொன்னார். ராஜலக்ஷ்மி சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மங்கையை வரச்சொல்லிக் கூப்பிட்டவரே அவர்தான். ஆனால் அவள் வந்ததிலிருந்து பத்து வார்த்தை பேசவில்லை.

மங்கை வெளியே போய் முனிகிருஷ்ணன் பக்கத்தில் பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். அவர் எழுந்து நின்றுகொண்டார். சாவியை நீங்கள் எடுத்தீர்களா என்று கேட்டாள். இல்லை என்றார். யார் எடுத்திருப்பார்கள் என்றாள். தெரியாது என்றார். முதல் பதிலை அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னார். இரண்டாவதை வாசல் கேட்டைப் பார்த்துச் சொன்னார். மங்கை குறித்துக்கொண்டாள்.

பலகையில் தொங்கிய தவறான சாவியை ஒரு காகித உறையில் போட்டுக்கொண்டு டேரிலின் ஸ்கூட்டரில் ஏறினாள். அடுகோடிக்குப் போகச் சொன்னாள்.

"காணாமப் போனத விட்டுட்டு கைல இருக்கறத எடுத்துகினு போறோமே மேடம்."

"காணாமப் போன சாவிய எல்லாரும் தேடிட்டாங்க. இந்தச் சாவி எங்கேர்ந்து வந்ததுன்னு யாராவது கேட்டாங்களா?"

டேரில் கொஞ்சம் யோசித்துவிட்டு, வழியில் சாப்பாடு உண்டா என்று மட்டும் கேட்டான். ரிச்மண்ட் ரோடு தாண்டி ஓசூர் ரோட்டில் ஏறுவதற்குள் அந்தக் கேள்விக்கே அர்த்தமில்லாமல் போயிற்று. ஒரு சிக்னலில் மூன்று முறை பச்சை விழுந்தும் அவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். பெங்களூரில் எல்லை தாண்டுவதற்கு நாடு பிரிய வேண்டியதே இல்லை, அடுகோடிக்குப் போனால் போதும் என்று டேரில் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து உபன்யாசம் செய்தான்.

முனிகிருஷ்ணன் முன்பு வேலை பார்த்த சின்னப்பாவின் சாவிக் கடை, லேத் பட்டறைக்கும் டயர் கடைக்கும் நடுவில் ஒரு குடை, ஒரு பெட்டி, ஒரு ஸ்டூல். எழுபது வயது. முனிகிருஷ்ணன் பெயரைச் சொன்னதும் சிரித்தார். திருட்டுச் சாவி என்றதும் சிரிப்பு நின்றது.

"முனியனா? டூப்ளிகேட்டா? எங்கிட்ட அஞ்சு வருசம் இருந்தான், ஒரு சாவி ஒழுங்கா அடிச்சதில்ல. அவன் அடிச்ச சாவிய எடுத்துகினு வந்து ஜனம் என்னிய திட்டும். அதுக்கோசரம்தான் ஆளப் புடிச்சு லைப்ரரில சேத்துவுட்டேன்."

இது சாட்சியமாக எடுபடுமா என்று டேரில் கேட்டான். இதைவிட நல்ல சாட்சியம் கிடையாது என்றாள் மங்கை. தன் சிஷ்யனைத் திறமையில்லாதவன் என்று சொல்லும் குரு பொய் சொல்லமாட்டார்.

சின்னப்பா சாவியை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். கட்டைவிரலால் தலைப்பக்கம் தடவினார். பிறகு பல்லைத் தடவினார். திரும்ப இன்னொரு தடவை தலையைத் தடவினார்.

"டூப்ளிகேட்டு இல்லம்மா. பழைய சாவிதான், ரொம்பப் பழசு. ஆனா பாருங்க, மேல வளையம் பளபளன்னு தேஞ்சிகீது. பல்லுல துரு. இது தெனமும் வேற சாவிங்களோட ஒரசிகினு பாக்கெட்டுலயே குடித்தனம் பண்ற சாவி. பூட்டு மூஞ்சியப் பாத்து எத்தினி வருசம் ஆச்சோ."

மங்கை சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். தினமும் சுமக்கிற சாவி. எதையும் திறக்காத சாவி. வேலைக்கு ஆகாத ஒன்றை ஒருவர் ஏன் நாள்தோறும் சுமக்க வேண்டும்? அவள் சாவியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். தண்டின் உள்துளையில், துணி எட்டாத இடத்தில், சிவப்பாக ஏதோ அப்பியிருந்தது.

"ரத்தம்," என்றான் டேரில். இத்தனை வருஷத்தில் ஒரு வழக்கிலாவது ரத்தம் வரவேண்டும் என்பது அவன் ஆசை.

சின்னப்பா ஒரு குண்டூசியால் அதைக் கிளறி முகர்ந்து பார்த்தார். நல்லெண்ணெயில் குழைத்த குங்குமம் என்றார். போன ஆயுத பூஜைக்குத் தன் பெட்டிக்கு வைத்ததும் இதேதான் என்று மூடியைக் காட்டினார்.

டேரிலின் முகம் வாடியது. மங்கையின் முகம் மலர்ந்தது. காலையில் நூலகத்தின் எடுப்புப் பதிவேட்டை அவள் புரட்டியிருந்தாள். நேற்றைய ஒத்திகைக்கு முன்னால், எண்பத்தெட்டாம் சாவி பத்து வருஷத்தில் ஒரே ஒரு முறைதான் பலகையைவிட்டு இறங்கியிருக்கிறது. அழைப்பிதழ்ப் படத்துக்காக எடுத்து, அடுத்த நாள் மாலை திரும்ப மாட்டியிருக்கிறார்கள். அந்த அடுத்த நாள் ஆயுத பூஜை. எடுத்தது, மாட்டியது இரண்டுக்கும் ஒரே கையெழுத்து. அது முனிகிருஷ்ணனுடையது இல்லை.

திரும்பி வந்து சேர்ந்தபோது மூன்று பத்து. பந்தல்காரர்கள் நாற்காலி போட்டு முடித்திருந்தார்கள். முனிகிருஷ்ணன் அதே பெஞ்சில், சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். பூஜை பற்றிக் கேட்டதும் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஒவ்வொரு வருஷமும் அவர்தான் செய்கிறாராம். அலமாரிச் சாவிகள், புத்தகம் தைக்கும் ஊசிகள், கத்தரிக்கோல், ஜெராக்ஸ் மிஷின், கடைசியில் ரங்காவின் கார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், வாசலில் பூசணிக்காய். சாவிகளை வளையத்திலிருந்து கழற்றி, தேய்த்து, எண்ணெய் தடவி, பொட்டு வைத்துத் தட்டில் அடுக்கிவிட்டு, பூஜை முடிந்ததும் அவரவர் வளையத்தில் கோத்துக் கொடுத்துவிடுவார்.

"தட்டுல பழைய இரும்புச் சாவி எத்தன இருந்தது?"

"நான் வெச்சது ஒண்ணும்மா."

"நீங்க வெச்சத கேக்கல."

முனிகிருஷ்ணன் வாசல் கேட்டைப் பார்த்தார். அவர் யாரையோ காப்பாற்றிக்கொண்டிருக்கிறார், அதற்கு விலையாகத் தன் பெயரையே கொடுத்துவிட்டார் என்பது மங்கைக்குப் புரிந்தது. வற்புறுத்த மனம் வரவில்லை. எழுந்து நேராகப் படிப்பறைக்குப் போனாள்.

அங்கே ரங்கா தன் மூன்று பக்க வரவேற்புரையைச் சத்தமாகப் படித்துப் பழகிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ராஜலக்ஷ்மி. நடு மேசையில், சிவப்பு வெல்வெட் துணிமேல், லயல்பூர் பூட்டு. முனிகிருஷ்ணனையும் உள்ளே வரச் சொல்லி டேரிலை அனுப்பிவிட்டு, மங்கை ரங்காவிடம் அவருடைய சாவிக்கொத்தைக் கொஞ்சம் காட்ட முடியுமா என்று கேட்டாள்.

ரங்கா தயங்காமல் எடுத்துக் கொடுத்தார். கார் சாவி, வீட்டுச் சாவி, அவற்றோடு ஒரு பெரிய இரும்புச் சாவி.

"இது எங்க தாத்தா சாவி. அமல்தாரா இருந்தவர், இப்ப தாசில்தார்ங்கறாங்களே அது. மல்லேஸ்வரம் வீட்டோட முன்வாசல் சாவி. வீட்ட இடிச்சு அபார்ட்மென்ட் கட்டியாச்சு. சாவிய மட்டும் நான் விடல. நாப்பது வருஷமா பாக்கெட்ல இருக்கு."

"உங்க தாத்தா சாவிதான்னு நிச்சயமா தெரியுமா சார்?"

ரங்காவுக்குக் கோபம் வந்தது. தன் வீட்டுச் சாவி தனக்குத் தெரியாதா என்று கேட்டார். வேண்டுமானால் அந்தப் பூட்டில் போட்டே காட்டுகிறேன், நுழையக்கூட நுழையாது என்றார். மங்கை வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ரங்கா சாவியைப் பூட்டில் வைத்தார். உள்ளே போனது. கையை உதறுகிற வேகத்தில் திருப்பினார். எழுபத்தெட்டு வருஷமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்த நாக்கு, 'டக்' என்று உள்ளே போய்விட்டது.



"தாத்தாவுக்கு லயல்பூர்லயும் ஒரு வீடு இருந்துச்சா சார்?" என்று டேரில் மரியாதையாகக் கேட்டான்.

வாசற்படியில் நின்றிருந்த முனிகிருஷ்ணன்தான் முதலில் சுதாரித்தார்.

"திரும்பப் பூட்டிடுங்க சார். அவரு வர இன்னும் இருவது நிமிசம் கீது. அவருதான் தெறக்கணும்."

ரங்கா திருடன் பேச்சைக் கேட்கிறோம் என்பதையும் மறந்து, சொன்னபடி பூட்டினார். காகித உறையிலிருந்த சாவியை மங்கை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அமல்தார் தாத்தாவின் சாவி இதுதான், இருபத்தைந்து நாளாகப் பலகையில் எண்பத்தெட்டாம் ஆணியில் தொங்கியது என்றாள். பூஜைத் தட்டில் இரண்டு சாவிகள் இருந்திருக்கின்றன. யாரோ ஒருவர் ஒன்றை எடுத்துப் பலகையில் மாட்ட, மிச்சமிருந்ததை முனிகிருஷ்ணன் ரங்காவின் வளையத்தில் கோத்துவிட்டார். இரண்டாவது சாவியைத் தட்டில் வைத்தது யார் என்று மட்டும் அவள் சொல்லவில்லை.

சொல்லவும் தேவைப்படவில்லை.

"நான்தான் வெச்சேன்," என்றார் ராஜலக்ஷ்மி. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "முனிகிருஷ்ணன் ஸ்டேப்ளருக்கெல்லாம் பூ வெச்சுட்டிருந்தார். பஞ்சிங் மெஷினுக்கு வெச்சார். இது மட்டும் என் டேபிள்மேல தனியா கெடந்தது. இதுக்கும் ஒரு வீடு இருந்ததுதானே, அந்த வீட்டுலயும் வருஷா வருஷம் யாராவது பொட்டு வெச்சிருப்பாங்கதானேன்னு தோணிடுச்சு. நான் எழுதின ரூல நானே தாண்டிட்டேன். அப்ப வாசல்ல உங்க குரல் கேட்டது. கண்ணெல்லாம் தண்ணி. கைல கெடச்சத எடுத்துப் பொடவைல தொடச்சு மாட்டிட்டேன்."

நேற்று சாவி மாட்டிக்கொண்டபோதே சந்தேகம் வந்ததா என்று மங்கை கேட்டாள். வந்தது என்றார். சொல்ல வாய் வரவில்லையாம், அதனால்தான் கண்டுபிடிக்கிற ஆளைக் கூப்பிட்டாராம். காலையில் முனிகிருஷ்ணனைத் திருடன் என்றபோதும் பேசாமல் நின்றதை நினைத்தால் தன்னையே பிடிக்கவில்லை என்றார். பிறகு முனிகிருஷ்ணன் பக்கம் திரும்பி, நீங்கள் பார்த்தீர்கள் அல்லவா, ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"நீங்க அழுதுகினு இருந்தீங்கம்மா. அத எப்டிம்மா இவருகிட்ட சொல்றது?"

டேரில் கூரையைப் பார்த்தான்.

ரங்கா மெதுவாக நிமிர்ந்தார். பழைய குரல் பாதி திரும்பியிருந்தது. விதி விதிதான், மீறியவர் யாராக இருந்தாலும் என்று ஆரம்பித்தார். மங்கை அவரை நிறுத்தி, அந்த விதிக்கு முன்னால் இன்னொன்றும் இருப்பதை ஞாபகப்படுத்தினாள். எந்தப் பொருளும் கட்டிடத்தைவிட்டு வெளியே போகக் கூடாது. இந்தச் சாவி இருபத்தைந்து நாளாக மல்லேஸ்வரம், கிளப், பேரன் பிறந்த நாள், ஏர்போர்ட் என்று ஊரெல்லாம் சுற்றியிருக்கிறது. போலீஸ் வந்தால் முதலில் யாருடைய பாக்கெட்டைப் பார்ப்பார்கள் என்று அவள் சாந்தமாகக் கேட்டாள்.

ரங்கா உட்கார்ந்துவிட்டார். தாத்தாவின் சாவியை ரொம்ப நேரம் புரட்டிப் பார்த்தார். நாற்பது வருஷம் சுமந்த சாவி மாறிப்போனது தனக்கு ஒரு நாள்கூடத் தெரியவில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது அவருக்கு நிஜமாகவே வலித்தது. புகார் கிடையாது, யாருக்கும் வேலை போகாது என்று கடைசியில் சொன்னார். ராஜலக்ஷ்மி ராஜினாமா எழுதித் தருவதாகச் சொன்னபோது, அப்படியானால் தானும் ஒன்று எழுத வேண்டியிருக்கும் என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தால் அதை வாங்கிப் படிக்க இங்கே ஆள் இருக்காது என்று டேரில் குறுக்கே விழுந்தான்.

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சேத்தி வந்துவிட்டார். ரங்கா அவசரமாக எழுந்து, சரி முனிகிருஷ்ணன், போய் வேலையைப் பார் என்றார்.

முனிகிருஷ்ணன் நகரவில்லை.

"காலையில இத்தினி பேரு முன்னால திருடன்னு சொன்னீங்க சார். அவங்க எல்லாரும் வெளிய குந்திகினு கீறாங்க. உள்ள சொன்னா அவங்களுக்குக் கேக்காது."

குரல் உயரவில்லை. இருபத்தாறு வருஷத்தில் அவர் ரங்காவிடம் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியது அதுதான் முதல் முறை. ரங்கா மூன்று பக்க உரையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

கூடம் நிரம்பியிருந்தது. பந்தல்காரர்கள் ஓரமாக நின்றார்கள். ஆராய்ச்சி மாணவிகள் இரண்டாவது வரிசையில். கூட்டுகிற அம்மாள் தூணோரம். முன்வரிசையில் பிரகாஷ் சேத்தி, வெள்ளை ஜிப்பாவில், கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவில் ஊன்றியபடி. ரங்கா மைக்கைப் பிடித்தார். காகிதத்தை எடுக்கவில்லை. மங்கை அன்று முதல் முறையாக நகம் கடித்தாள்.

"இன்னிக்குக் காலையில முனிகிருஷ்ணன நான் திருடன்னு சொன்னேன். அவர் திருடன் இல்ல. நான் சொன்னது தப்பு. அவர்கிட்ட எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. என்ன விஷயம் என்று ஒன்றும் தெரியாத சேத்தி, ஒரு மனிதர் மன்னிப்புக் கேட்டார் என்பது மட்டும் புரிந்து, கைத்தடியைப் பக்கத்து நாற்காலியில் சாய்த்துவிட்டு, முதலில் கை தட்டினார்.

முனிகிருஷ்ணன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். பூட்டையும், ரங்காவின் வளையத்திலிருந்து கழற்றிய சாவியையும் வெல்வெட் துணியோடு தூக்கிக்கொண்டு, கூடத்தின் நடுவே நடந்து போய், அந்தக் கிழவருக்கு முன்னால் வைத்தார்.